வரதனை நாடி வந்த கீர்த்தனம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு ஸ்தோத்ரத்துக்கு உரை எழுதித் தரும்படி அடியேனைப் பணிப்பது வழக்கம். இவ்வாண்டு கருட சேவையின் பெருமையைப் பற்றி எழுதுக என்றனர். கருட சேவை என்ற மாத்திரத்தில் அடியேன் நெஞ்சில் முதலில் எழுவது ச்லோகமன்று, புராணக் கதையுமன்று. பதினைந்தாவது வயதில் செவியில் விழுந்து, ஐம்பது கடந்த இந்நாள் வரையில் அகலாமல் உடன் வருகிற ஒரு கீர்த்தனமே முந்திக்கொண்டு நிற்கிறது. திருவையாற்று ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் காஞ்சிப் பேரருளாளன் விஷயமாக ஸ்வரபூஷணி இராகத்தில் அருளிச் செய்த 'வரதராஜ நின்னு கோரி' என்னும் கிருதி அது. ஸந்நிதி அர்ச்சகன் சங்கீத விஷயத்தில் புகுவது முறையோ என்று சிலர் கேட்கக் கூடும். கீர்த்தனம் பாடுவது கருட சேவையை. ஆகையால் குழுவினர் பணித்த விஷயத்தைவிட்டு அடியேன் விலகவில்லை என்று கொள்ள வேண்டும்.

இந்தக் கிருதியின் சுவையை அறிய வேண்டுமாயின் முதலில் நம் ஊர்ச் சாலையை நினைவில் கொள்ள வேண்டும். பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் இன்று சரக்கு லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் இடைவிடாமல் ஓடுகின்றன. அந்தச் சாலையோரத்து ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூவிருந்தவல்லி, ஆழ்வார் அவதரித்த திருமழிசை, 1017-ஆம் ஆண்டில் எம்பெருமானார் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூர், பிறகு காஞ்சி. உலகில் வேறெந்தச் சாலைக்கு இப்படியொரு குருபரம்பரை வாய்த்திருக்கிறது? நாம் இதை 'பெங்களூர் ரோடு' என்கிறோம்!

பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம். மாசி மிருகசீர்ஷத்தில் இங்கே அவதரித்த நம்பிகள், தம் நந்தவனத்துப் புஷ்பங்களைத் தொடுத்து எடுத்துக்கொண்டு அத்தனை தூரமும் நடந்து சென்று பேரருளாளனுக்குச் சாத்தினார் என்பது பெரியோர் வழக்கு. பின்னர் அவர் ஏற்ற கைங்கர்யம் திருவாலவட்டம். விசிறுவதற்குப் பெருமாளைத் தேடிய கதையும் ரஸமானது. திருவரங்கம் சென்றார், காவிரிக் காற்று இருக்கிறதே, விசிறி எதற்கு என்றான் அரங்கன். திருவேங்கடம் ஏறினார், மலையே குளிர்கிறதே என்றான் வேங்கடவன். காஞ்சியிலோ, பிரம்மாவின் வேள்வித் தீயிலிருந்து தோன்றியவன் ஆகையால் பெருமாளுக்கு எந்நேரமும் வெப்பம். அங்கே நம்பிகளின் கைக்கு வேலை கிடைத்தது. வீசிய கைக்குப் பலன், பெருமாள் அவருடன் வாய்விட்டுப் பேசினான். எம்பெருமானார் தம் மனத்துக்குள் வைத்திருந்த ஐயங்களுக்கு விடையாக ஆறு வார்த்தைகள் பெருமாளிடமிருந்து நம்பிகளின் திருவாய் வழியாகவே வந்தன. வைசிய குலத்தில் தோன்றிய அவரை எதிராசர் ஆசார்யராக நாடினார் என்பதையும் மறக்கலாகாது.

நம்பிகளின் விசிறிக்கும் கருடனுக்கும் ஒரு ஸம்பந்தம் உண்டு. ஸ்வாமி ஆளவந்தார் தம் ஸ்தோத்ர ரத்னத்தில் பெரிய திருவடியின் கைங்கர்யங்களை அடுக்குகிறார். எம்பெருமானுக்கு அவர் அடியவர், தோழர், ஊர்தி, இருக்கை, கொடி, மேற்கட்டி, விசிறியும் அவரே. பறக்கும்போது சிறகு வீசுகிறது, அதுவே ஆலவட்டம். ஆக, வருஷம் முழுவதும் ஒரு பூவிருந்தவல்லிக்காரர் செய்த கைங்கர்யத்தைக் கருட சேவையன்று கருடன் செய்கிறார் என்று சொன்னால் பெரியோர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

காஞ்சியில் வைகாசி பிரம்மோத்ஸவத்தின் மூன்றாம் நாள் அதிகாலையில் கருட சேவை. கோபுர வாசலில் பெருமாள் எழுந்தருளும்போது ஒரு க்ஷணம் திருக்குடைகளைச் சாய்த்துப் பெருமாளை மறைப்பார்கள். முதன்முறை வந்த யாத்ரிகர், இவ்வளவு தூரம் வந்து நின்ற நேரத்தில் மறைக்கிறார்களே என்று பரிதவிப்பார். அதற்குத் தொட்டாசார்யர் சேவை என்று பெயர். சோளசிம்மபுரம் தொட்டாசார்யர் ஆண்டுதோறும் காஞ்சிக்கு வந்து கருட சேவையை ஸேவித்துச் செல்பவர். ஓராண்டு வர இயலவில்லை. அவ்வூர்த் தக்கான் குளக்கரையில் நின்று, இந்நேரம் பெருமாள் கோபுர வாசலுக்கு எழுந்தருளியிருப்பான், குடை விரிந்திருக்கும், கருடன் சிறகு அசைந்திருக்கும் என்று எண்ணி எண்ணி உருகி, தேவராஜ பஞ்சகத்தைப் பாடினார். பெருமாள் காஞ்சி வாசலில் ஒரு க்ஷணம் மறைந்து, கருடன்மேல் அக்குளக்கரையில் ஸேவை ஸாதித்தான். அந்த ஒரு க்ஷணத்தைத்தான் இன்றும் குடையால் காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வாசலில் திரண்டு நிற்கையில், வர முடியாமற்போன ஒருவரின் பொருட்டு அத்தனை பேரையும் காத்திருக்கச் செய்கிற உத்ஸவம் இது. இந்த நிகழ்ச்சி அடியேனுக்கு ஏன் நெருக்கமானது என்பதைப் பின்னர் விண்ணப்பிக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்லத் தக்கது. 1688-ஆம் ஆண்டில், படையெடுப்பு அச்சத்தால், காஞ்சி உத்ஸவ மூர்த்தியை இரகசியமாக உடையார்பாளையத்துக்கு எழுந்தருளப் பண்ணிவிட்டனர். பெருமாள் திரும்பி எழுந்தருள 22 ஆண்டுகள் ஆயின. ஆத்தான் ஜீயரின் முயற்சியாலும், லாலா தோடர்மால் என்னும் அதிகாரியின் துணையாலும் 1710-இல் பேரருளாளன் மீண்டும் அத்திகிரி ஏறினான்; கோயிலில் கல்வெட்டும் உண்டு. அந்த 22 வைகாசிகளிலும் கச்சியில் குடை மட்டும் இருந்தது, அதன்கீழ் எழுந்தருளப் பெருமாள் இல்லை. அதற்கு 57 ஆண்டுகளுக்குப் பின், 1767-இல், தியாகராஜ ஸ்வாமிகள் பிறந்தார். 1710-இல் அந்தப் புண்ணியவான்கள் பிரயாசைப்பட்டிராவிட்டால், ஸ்வாமிகள் காஞ்சிக்கு வந்த நாளில் பாடுவதற்குக் கருட சேவை ஏது?

ஸ்வாமிகள் திருவையாற்றை விட்டு அதிகம் வெளியே சென்றவரல்லர். ஸ்ரீராமனும் காவிரியும் அவருக்குப் போதுமாயிருந்தன. முதிய பருவத்தில் செய்த யாத்திரைகளே திருவேங்கடம், திருவரங்கம், காஞ்சி முதலிய க்ஷேத்திரங்களைப் பற்றிய கிருதிகளை நமக்குத் தந்தன. நூற்றெட்டு உபநிஷத்துக்களுக்கு உரை கண்ட உபநிஷத் பிரம்மேந்திரர் காஞ்சியில் வஸித்தார். அவருடைய அழைப்பின்பேரில் ஸ்வாமிகள் அங்கே வந்தார் என்பர். நம் பகுதி அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி, போரூருக்கும் குன்றத்தூருக்கும் இடையேயுள்ள கோவூரிலும் அவர் தங்கினார் என்பது. சுந்தரேச முதலியார் என்னும் செல்வர் அழைத்துச் சென்று உபசரித்தார். அவ்வூர்ச் சிவபெருமான்மேல் ஸ்வாமிகள் பாடிய ஐந்து கிருதிகள் கோவூர்ப் பஞ்சரத்னம் என்று பெயர் பெற்றவை. ஸஹானாவில் அமைந்த 'ஈ வஸுதா' அவற்றுள் ஒன்று. இப்போது கோவூரைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. பல்லக்கில் ஸ்வாமிகள் வந்த வழியில்தான் நாம் தினமும் பேருந்துக்கு நிற்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

இனிக் கீர்த்தனத்துக்கு வருகிறேன். பாடல் தெலுங்கில் உள்ளது. பொருள் எளியது: வரதராஜனே, உன்னை விரும்பி வந்தேன், வணங்குகிறேன் என்பது பல்லவியின் கருத்து. தேவரும் முனிவரும் அந்தணரும் சூழ நின்று ஸேவிக்கும் காட்சியை அனுபல்லவி காட்டுகிறது. சரணத்தில் அந்த மலையே வைகுண்டம் என்கிறார். வருணித்து முடியாது என்கிறார். விண்மீன்களின் நடுவே சந்திரன் போல அமரர் நடுவே பெருமாள் விளங்குவதைச் சொல்கிறார். கடைசியில் தம் முத்திரையை வைத்துக் கருட சேவையைக் காண என்று முடிக்கிறார். இவ்வளவே. உபமானமும் புதியதன்று, நக்ஷத்திரங்களிடையே சந்திரன் என்பது காவ்யம் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கும் தெரிந்ததே.

ஆயினும் ஸம்ஸ்கிருத பாடசாலையில் ச்லோகங்களைப் பதம் பிரித்து அந்வயம் செய்தே வளர்ந்தவனுக்கு இதில் ஒன்று கண்ணில் பட்டே தீரும். சரணத்தின் கடைசிச் சொல் வினைமுற்று அன்று. 'காண' என்று எச்சமாக நிற்கிறது. கருட சேவையைக் காண என்றால், காண என்ன செய்தார்? அதற்கு விடை சரணத்தில் இல்லை. பாடுகிறவர் பல்லவிக்குத் திரும்புகிறார். வரதராஜனே, உன்னை விரும்பி வந்தேன் என்னும் இடத்தில் வாக்கியம் முற்றுப் பெறுகிறது. கருட சேவை காண வந்தேன் என்பதே முழு வாக்கியம். எந்தக் கிருதியிலும் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவது சங்கீத ஸம்பிரதாயம். இங்கே அது இலக்கணத்துக்கும் அவசியமாகிவிட்டது. திரும்பாமல் நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். யாத்ரிகர் பாதி வழியில் நிற்பார்.

'கோரி' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். தமிழில் நாம் கோரிக்கை என்று வழங்குவதால் ஏதோ விண்ணப்பம் போட வந்தார் போலத் தோன்றும். தெலுங்கில் அது விருப்பம். அதற்குச் செயப்படுபொருள் 'நின்னு', அதாவது உன்னை. உன்னிடம் ஒன்றைக் கோரி வரவில்லை, உன்னையே கோரி வந்தேன் என்கிறார். பெருமாளின் திருநாமமோ வரதன், கேட்டதைக் கொடுப்பவன். கொடுப்பதையே திருநாமமாகக் கொண்டவனிடம் வந்து, பாட்டு முழுவதும் ஒன்றுமே கேட்காமல் போயிருக்கிறார் ஒருவர். கேட்டால் தருபவனுக்கு இது சிறிது சங்கடமாகக்கூட இருந்திருக்கும்! ஸந்நிதியில் நின்று தினந்தோறும் ஸங்கல்பம் சொல்லி வைக்கிறவன் அடியேன். உத்தியோகம், விவாஹம், பரீக்ஷை, வெளிநாட்டு விஸா, அறுவை சிகிச்சை என்று பக்தர்கள் சொல்லும் கோரிக்கைகளைப் பெருமாள் திருச்செவியில் சேர்ப்பது அடியேன் கடமை. அவற்றைக் குறைவாக நினைக்கவில்லை. ஆபத்தில் இருப்பவன் வரதனிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்பான்? ஆனால் எந்தப் பட்டியலும் இல்லாமல், சும்மா ஸேவித்துப் போக வந்தேன் ஸ்வாமி என்று ஒருவர் சொல்லும் நாளில் அடியேன் கைக் கற்பூரத்தட்டு சற்று அதிக நேரம் சுழல்கிறது. காரணம் இந்தக் கீர்த்தனம்.

அடியேனுக்கு இது கிடைத்த விதம்: 1985-ஆம் ஆண்டு, பாடசாலை மாணவனாக, ஸஹபாடிகளுடன் காஞ்சி கருட சேவைக்குச் சென்றேன். முதல் நாள் இரவே போய் ராஜவீதித் திண்ணை ஒன்றில் படுத்திருந்தோம். வாத்தியங்களின் ஓசை கேட்டு எழுந்தபோது இருட்டு முற்றும் பிரியவில்லை. தீவட்டி வெளிச்சத்தில் குடைகள் தெரிந்தன. அவற்றின் முன்னே நாதஸ்வரக் கோஷ்டி. அதுவரை வாசித்துவந்ததை நிறுத்தி, அவர்களில் மூத்தவர் புதிதாக ஒன்றை எடுத்தார். அது எந்த இராகம், யார் பாட்டு என்று ஒன்றும் தெரியாது. தொடங்கிய இடத்திலேயே குரல் ஒரு படியைத் தாண்டி மேலே போனதும், தோளில் பெருமாளைத் தாங்கிய ஸ்ரீபாதம் தாங்கிகள் அதே வேளையில் ஓரடி எடுத்து வைத்ததும் மட்டுமே மனத்தில் நின்றன. பெருமாள் அருகில் வந்தபோது கைகூப்பினேனா என்பதுகூட நினைவில்லை. ஊர் திரும்பிய பின்னரும் அந்தத் தொடக்கம் நாள்தோறும் காதில் ஒலித்தது. அமரகோசம் உருப்போடும்போதும் அதே தாளத்தில் வாய் போயிற்று.

அந்நாளில் நம் ஸந்நிதியில் வாசித்துவந்த நாயனக்காரரிடம் ஒரு நாள் அதை முனகிக் காட்டினேன். அவர் உடனே சிரித்து, 'ஸ்வரபூஷணி, சாமி' என்றார். தாம் சாப்பிட அமர்ந்திருந்த இடத்திலேயே தாளம் போட்டு முழுவதையும் பாடிக் காட்டினார். ஸாஹித்யத்தைத் தமிழ் லிபியில் ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். பாடசாலை அத்யாபகர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். கடிந்துகொள்வார் என்று அஞ்சினேன். அவரோ, 'வரதன் மேல் பாட்டு வேண்டுமாயின் தீக்ஷிதர் ஸாரங்க இராகத்தில் பாடியிருக்கிறாரே, வரதராஜம் உபாஸ்மஹே என்று. அதைப் பாடம் பண்ணு. ஸம்ஸ்கிருதமும் வரும்' என்றார். ஆணையை ஏற்றுப் பாடம் பண்ணினேன். ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதரும் காஞ்சியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவரே. அவர் கிருதி கர்ப்பகிருஹத்தில் நின்று தியானிப்பவரின் வாக்கு. ஒவ்வொரு பதமும் ஓரிடத்தில் அசையாமல் வீற்றிருக்கும். தியாகராஜ ஸ்வாமிகளின் பாட்டு வீதியில் நிற்பவருடையது. கூட்டம் நெருக்குகிறது, பெருமாள் நகர்ந்துகொண்டிருக்கிறார், இவர் எட்டிப் பார்க்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்பது வீண் வாதம். அடியேன் வீதியில் கேட்டவன். வீதிப் பாட்டோடே நின்றுவிட்டேன்.

இராகத்தைப் பற்றி, அறிந்தவரை ஒரு வார்த்தை. ஸ்வரபூஷணி 22-ஆவது மேளமான கரஹரப்ரியாவில் பிறந்தது. ஏறும்போது ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்தைத் தொடாமல் காந்தாரத்துக்குத் தாவி, மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்று படிப்படியாக மேல் ஷட்ஜத்தை அடைகிறது. இறங்கும்போது காந்தாரத்தை விட்டுவிட்டு மத்யமத்திலிருந்து ரிஷபத்துக்கு வருகிறது. ஏறுகையில் விட்டதை இறங்குகையில் தொடுகிறது. ஏறுகையில் தொட்டதை இறங்குகையில் விடுகிறது. கச்சேரிகளில் இந்த இராகத்தைக் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு கிருதிக்காகத்தான். ரூபக தாளத்தில் மிதமாக நடக்கும். அந்த முதல் தாவலைக் கருடன் சிறகு விரித்து எழும்புவதாக அடியேன் மனத்தில் வைத்திருக்கிறேன். சங்கீத வித்வான்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். லக்ஷண கிரந்தங்களில் இதற்கு ஆதாரம் தேட வேண்டாம்.

பதினேழாவது வயதில், அதே நாயனக்காரர் அடியேன் தகப்பனாரிடம் வந்து, பிள்ளைக்குக் காது இருக்கிறது, சங்கீதத்துக்கு அனுப்பினால் வருவான் என்று சொன்னார். தகப்பனார் சற்று நேரம் பேசாமல் இருந்து, 'ஸந்நிதிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?' என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரியும். சிறிய கோயில், ஒரே குடும்பம், நித்ய திருவாராதனம் ஒரு வேளையும் நிற்கலாகாது. 1992-இல் கைங்கர்யத்தை முழுவதும் ஏற்றேன். அதில் அடியேனுக்குக் குறையொன்றும் இல்லை. பெருமாள் திருமேனியைத் தொட்டுத் திருமஞ்சனம் செய்யும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆயினும் அன்றுமுதல் காஞ்சி கருட சேவைக்கு அடியேனால் செல்ல முடியவில்லை. அங்கே குடைகள் சாய்கிற வேளையில் இங்கே விச்வரூப ஸேவைக்குத் திருக்காப்பு நீக்க வேண்டும். அடியேன் கையில் சாவி இருக்கும். 2019-இல் அத்தி வரதர் எழுந்தருளியிருந்த 48 நாட்களுள் ஒரு நாள் மட்டும், இரவு தளிகை அமுது செய்வித்த பின் கிளம்பி, வரிசையில் நின்று ஸேவித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பினேன். அது அனந்தஸரஸ்ஸிலிருந்து எழுந்தருளிய ஆதி மூர்த்தியின் ஸேவை; 1979-இல் சிறு பிள்ளையாகத் தகப்பனார் தோளில் அமர்ந்து கண்டது. கருட சேவை என்பது வேறு.

ஆகையால்தான் தொட்டாசார்யர் சேவையை எண்ணும்போது அடியேனுக்குத் தொண்டை அடைக்கிறது. அவரோடு அடியேனை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் பெருமாள் நேரில் வந்தான். அடியேனுக்கு வந்தது ஒரு பாட்டு. வைகாசி மாதத்தில் அந்நாளில், திருக்காப்பு நீக்குவதற்கு முன், தாழ்வாரத்தில் அமர்ந்து புஷ்பம் தொடுத்துக்கொண்டே மெல்லிய குரலில் ஒரு முறை அதைப் பாடிவிட்டு உள்ளே செல்வேன். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பி, 'வந்தேன்' என்னும் இடம் வரும்போது, எங்கே வந்தேன் என்று மனம் கேட்கும். நம்பிகள் புஷ்பம் தொடுத்த ஊருக்கு அருகிலேயே அடியேனும் தொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் அவ்வளவு தூரம் நடந்தார். அடியேன் பத்தடி நடந்தால் கர்ப்பகிருஹம். அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கும் வரதன் என்றே திருநாமம்.

அர்ச்சகன் மனம் மந்திரத்தில் நிற்க வேண்டும், இராகத்தில் அலையலாகாது என்று பெரியவர் ஒருவர் ஒரு காலத்தில் கண்டிப்பாகச் சொன்னதுண்டு. அவர் சொன்னது நியாயமே. அர்ச்சனையின்போது அடியேன் வாயில் கீர்த்தனம் வராது. ஆனால் ஆகமம் தூபம், தீபம் என்று உபசாரங்களை வகுக்கும்போது கீதத்தையும் வாத்தியத்தையும் அவற்றோடு சேர்த்தே வகுத்திருக்கிறது. புறப்பாட்டில் முன்னே நாதஸ்வரம், அதன்பின் அருளிச்செயல் கோஷ்டி, பெருமாளுக்குப் பின்னே வேத பாராயணம் என்று நம் முன்னோர் வைத்த ஒழுங்கில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. அவ்விடங்களில் முதலாவது இப்போது பல ஊர்களில் காலியாகிக்கொண்டு வருகிறது. மின்சாரத்தில் இயங்கும் மேள இயந்திரம் ஒன்றை மாட்டிவிட்டு, விசையைத் தட்டினால் மணியும் முரசும் தாமாக அடித்துக்கொள்கின்றன. நைவேத்யத்துக்குத் திரை போட்டால் ஒரே சப்தம். எடுத்தால் அதே சப்தம். அது ஒருநாளும் தாளம் தவறாது. ஆனால் பெருமாள் திருமுகம் பார்த்து இராகம் மாற்றவும் அதற்குத் தெரியாது. 1985-இல் காஞ்சி வீதியில் ஓர் இயந்திரம் ஒலித்திருந்தால் அடியேன் திண்ணையில் இன்னும் சிறிது நேரம் தூங்கியிருப்பேன்.

நம் ஸந்நிதியில் அந்நாள் நாயனக்காரர் பரமபதித்துப் பல ஆண்டுகள் ஆயின. அவருடைய குமாரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். உத்ஸவ நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு, தகப்பனாரின் நாயனத்தைத் துடைத்து எடுத்து வருகிறார். பகலில் இரும்போடு பழகும் கை. ஆயினும் மல்லாரி வாசிக்கும்போது அந்தப் பழைய குரலே கேட்கிறது. சென்ற ஆண்டு தம் பிள்ளையைத் தாளம் போட உடன் அழைத்து வந்தார். பன்னிரண்டு வயதுப் பையன். கைத்தாளத்தைப் பிடித்துக்கொண்டு, வாத்தியத்தைப் பாராமல் தகப்பனார் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

மூன்றாம் நாள் இரவு கருட சேவைப் புறப்பாட்டைப் பற்றி ஒரு விண்ணப்பம். பெருமாள் கிழக்கு வாசலிலிருந்து எழுந்தருளும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி நடக்கும். தெற்கு வீதியில் வாண வேடிக்கை உண்டு. அங்கே சங்கீதம் காதில் விழாது. மேற்கு வீதியும் வடக்கு வீதியும் சேரும் திருப்பத்தில், வேப்ப மரத்தடியில், ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றுவதற்காகப் பெருமாளைச் சற்று நிறுத்துவார்கள். அந்த இடத்தில்தான் நாயனக்காரர் ஸ்வரபூஷணியை எடுப்பார். அவர் தகப்பனார் காலத்திலிருந்து அவ்வாறே நடந்துவருகிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் வாசிக்கப் போதாது. அந்தப் பத்து நிமிஷம் அங்கே வெடி போடாமலிருக்க இளைஞர் குழுவினர் இசைந்திருக்கிறார்கள். அடியேன் பெருமாளுக்கு அருகிலேயே கருட வாஹனத்தின்மேல் இருப்பேன். வீதியில் நிற்பவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும்.